பேரனுக்கு யாருடைய பேர்?

(நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு யாத்திரை வந்த தோட்டக் குடும்பங்களுக்கு, அவ்வூர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இரவு முழுக்க பஸ்ஸிலே குலுங்கி, குறிகட்டுவானிலே படகு ஏறி வந்து இறங்கியிருக்கிறீங்கள். சாப்பாடும் ஆயிற்று. கண்ணைச் சொக்குகிற நேரம். நித்திரை வந்தால் கொள்ளுங்கோ, நான் கோபிக்க மாட்டேன். மலைநாட்டுப் பள்ளிக்கூடங்களிலே பதினொரு வருஷம் படிப்பித்தவன் நான். மத்தியானப் பாடத்திலே நித்திரை கொள்ளுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களோடு ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு வந்திருக்கிறார்கள். அம்மனுக்கு நேர்ந்து பிறந்த ஆண் பிள்ளை. இன்னும் பேர் வைக்கவில்லை. அந்தத் தம்பி காலையிலே என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, வெளிநாட்டுல இருக்கிற எங்க மச்சான் சொல்றாரு, அங்க எல்லா ஃபாரத்துலயும் குடும்பப் பேருன்னு ஒரு கட்டம் இருக்காம். அதனால குடும்பப் பேரையே பிள்ளைக்கு வச்சிடுன்னு. எங்க லயத்துப் பெரியவரு, நேரு, போசுன்னு தலைவர் பேரா வைய்யின்னு சொல்றாரு. எங்கப்பா ஒண்ணும் சொல்லல. ஆனா தன்னோட பேரை வைப்பாங்களான்னு பார்த்துக்கிட்டே இருக்காரு" என்றார். பக்கத்திலே நின்ற தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. ஆனால் மாமனாரின் பேரைச் சொன்னதும் முகத்தைக் கொஞ்சம் சுளித்தார். அந்தப் பேரை இங்கே சொல்லேலாது. கருப்பையா, முனியாண்டி, பெருமாள், மாரிமுத்து என்கிற வரிசையிலே ஒன்று என்று வைச்சுக்கொள்ளுங்கோ.

இது அந்த இரண்டு பேருடைய கேள்வி மட்டுமில்லை. இப்போது பிள்ளை பெறுகிற ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிற கேள்வி. அதனாலேதான் இன்றைக்கு இதையே பேசலாம் என்று நினைத்தேன்.

முதலாவது, மச்சான்காரர் சொல்லுகிற 'குடும்பப் பெயர்'. எங்களுக்கு அப்படி ஒன்று இருக்கிறதா? சிங்களச் சகோதரர்களுக்கு 'கே' என்று முடிகிற வாசகமப் பெயர் உண்டு. பரம்பரையாக வரும். வெள்ளைக்காரருக்கு குடும்பப் பெயர் உண்டு. தமிழருக்குத் தகப்பன் பேர்தான். அது முன்னாலே ஒரு எழுத்தாக நிற்கும். தகப்பன் போய் மகன் தகப்பனாகும்போது அந்த எழுத்தும் மாறிவிடும். கருப்பையாவின் மகன் முருகேசு என்றால், அவர் க. முருகேசு. முருகேசுவின் மகன் யாராயிருந்தாலும் அவர் மு. தான். ஒரு தலைமுறைக்கு மேலே எந்தப் பேரும் தங்காது. இது எங்களுக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்காதேயுங்கோ. ஐரோப்பாவிலே ஐஸ்லாந்து என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கேயும் பெரும்பாலானோருக்கு குடும்பப் பெயர் இல்லை, இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதுதான். டெலிபோன் புத்தகம் அச்சிட்ட காலத்திலே அதிலேகூட ஆளின் சொந்தப் பேரின்படிதான் வரிசை போட்டார்கள். பர்மாக்காரருக்கோ தகப்பன் பேரும் கிடையாது.

ஆகவே மச்சான் சொல்லுகிறபடி 'குடும்பப் பெயரை' பிள்ளைக்கு வைப்பது என்றால், அது கடைசியிலே யாரோ ஒரு மனுசனுடைய சொந்தப் பேராகத்தான் வந்து நிற்கும். தகப்பனுடைய பேர், அல்லது தகப்பனைப் பெற்றவருடைய பேர். கேள்வி இப்போது எவ்வளவு சின்னதாகிவிட்டது பார்த்தீங்களா?

எங்கள் தீவிலே இருந்து, 1983க்குப் பிறகு கனடா, சுவிஸ், பிரான்ஸ் என்று போனவர்கள் மெத்தப் பேர். அவர்களுக்கு நடந்ததைச் சொல்லுகிறேன். இந்த ஊரிலே அம்மனுடைய பேரிலே நாகலிங்கம், நாகராசா, நாகமணி, நாகேசு, நாகம்மா, நாகேஸ்வரி என்று கூப்பிட்டால் ஒரு தெருவே திரும்பிப் பார்க்கும். எங்கள் ஊரின் புகழ்பெற்ற புலவரே நாகமணிப் புலவர்தான். நாகலிங்கம் என்ற ஒருவருடைய மகன் வெளிநாட்டுக்குப் போய், குடும்பப் பெயர்க் கட்டத்திலே தகப்பன் பேரை எழுதுகிறார் என்று வைப்போம். அன்றோடு நாகலிங்கம் என்பது உறைந்து போகும். மகனையும் நாகலிங்கம் என்றுதான் கந்தோரிலே கூப்பிடுவார்கள், பேரனையும் பள்ளிக்கூடத்திலே நாகலிங்கம் என்றுதான் கூப்பிடுவார்கள். பேர்த்தி கூட நாகலிங்கம்தான். அந்த நிலையிலே, பாசத்தோடு பேரனுக்குப் பாட்டன் பேரையே முதல் பேராகவும் வைத்தால், பிள்ளை நாகலிங்கம் நாகலிங்கம் ஆகிவிடும். பிளேன் டிக்கட்டிலே இரண்டு தரம் அடித்திருக்கும். பார்க்கிற ஒப்பீசர், தவறி அடித்துவிட்டார்களோ என்று யோசிப்பார்.

ஆனால் இந்த நாட்டிலே இருக்கிற உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எங்கள் பாஸ்போட்டிலும் குடும்பப் பெயர், மற்றப் பெயர்கள் என்று இரண்டு கட்டம் உண்டு. அங்கே பிள்ளைக்குத் தகப்பன் பேர்தான் போகும், பாட்டன் பேர் போகாது. தகப்பன் கருப்பையா முருகேசு, மகன் முருகேசு கருப்பையா. கண்ணாடியிலே பார்த்த மாதிரி, முன்னது பின்னாலும் பின்னது முன்னாலும். அழகாகத்தானே இருக்கிறது? கிரேக்க நாட்டிலேயும் மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவரின் பேரை வைப்பது பழங்காலத்திலிருந்து வருகிற வழக்கம். எங்கள் பாஷையிலே இதற்குச் சாட்சியே தேவையில்லை. பேரன் என்கிற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பேரைத் தாங்குகிறவன் என்று அர்த்தம்.

தகப்பனுடைய பேரையே மகனுக்கு வைப்பது வேறு விஷயம். வெள்ளைக்காரர் வைப்பார்கள், மூத்தவர் இளையவர் என்று பிரிப்பார்கள். எங்கள் பக்கம் அது பழக்கமில்லை. மு. முருகேசு என்று வந்தால், தபால்காரன் யாரிடம் கடிதத்தைக் கொடுப்பது? கடன் வாங்கினவர் தகப்பனா மகனா என்று கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பது? (அதிலே சிலருக்கு லாபமும் இருக்கலாம், அது வேறு கதை.)

அந்தத் தங்கச்சி முகம் சுளித்ததற்கு வருகிறேன். பழைய காலத்திலே மருமகள் மாமனாரின் பேரை வாயாலே சொல்லமாட்டாள். ஆகவே பிள்ளைக்கு அந்தப் பேரை வைத்தாலும் 'ராசா', 'தம்பி', 'ஐயா' என்று செல்லப் பேரிலேதான் கூப்பிடுவாள். இன்றைக்குப் பல வீடுகளில் பிள்ளைக்கு ஒரு வீட்டுப் பேரும் ஒரு பள்ளிக்கூடப் பேரும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தங்கச்சியின் காரணம் அது இல்லை என்று எனக்குத் தெரியும். அது பழைய பேர், 'தோட்டத்துப் பேர்'. பள்ளிக்கூடத்திலே பிள்ளைகள் சிரிக்கும், டவுனிலே வேலைக்குப் போனால் பேரைக் கேட்டதுமே இவன் எந்த லயத்திலிருந்து வந்தவன் என்று கண்டுகொள்வார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான் படிப்பித்த வகுப்புகளிலேயே முனியாண்டி என்ற பேருக்கு மற்றப் பிள்ளைகள் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். சிரித்த பிள்ளையின் பாட்டனும் ஒரு முனியாண்டிதான், அது அவனுக்குத் தெரியாது.

ஆனால் அந்தப் பேர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் கொஞ்சம் பாருங்கோ. உங்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த காலத்திலே, 1900களின் ஆரம்பத்திலே, தகர டிக்கட் என்று ஒரு முறை இருந்தது. தோட்டத்துக்கு ஒரு குறி, ஆளுக்கு ஒரு இலக்கம், தகரத்திலே குத்திக் கொடுத்து அனுப்புவார்கள். வழியிலே ஆள் தவறிப்போனால் இலக்கத்தை வைத்துத்தான் எந்தத் தோட்டம் என்று கண்டுபிடித்தார்கள். பேர் அதிலே கிடையாது. தோட்டம் விட்டுத் தோட்டம் மாற 'துண்டு' வேண்டும், அது கங்காணியின் கையிலே. அந்த முறையை 1921இல் தான் ஒழித்தார்கள். பிறகு செக்ரோல். துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் காதிலே விழுந்தபடி ஒரு எழுத்து. ஒரே ஆள் செக்ரோலிலே ஒரு பேர், கல்யாணப் பதிவிலே இன்னொரு பேர், அடையாள அட்டையிலே மூன்றாவது பேர்.

இதனாலே வந்த கஷ்டம் கொஞ்சமா? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் இந்திய பாகிஸ்தானியர் வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் போடச் சொன்னார்கள். 1964 ஒக்டோபரிலே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் காகிதம், காகிதத்திலே பேர். ஒன்றுக்கொன்று பொருந்தாத பேரை வைத்துக்கொண்டு, நான்தான் இந்த ஆள் என்று ஒரு மனுசன் நிரூபிப்பது எவ்வளவு பெரிய பாடு! 2003இல் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்த பிறகுதான் எஞ்சியவர்களுக்கு அந்தப் பாடு ஓய்ந்தது. இன்றைக்கும் ஈ.பி.எப். காசு எடுக்கப் போகிற பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கோ. ஒரு எழுத்து மாறினால் சமாதான நீதவானிடம் போய், இந்தப் பேரும் அந்தப் பேரும் நான்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? அந்தத் தாத்தாவின் பேர் பழசு என்கிறீங்கள். அந்தப் பேர் வாழ்நாளிலே ஒரு தடவையாவது முழுதாக, சரியாக எழுதப்பட்டிருக்கிறதா? பலருக்கு இல்லை. தகரத்திலே இலக்கம், செக்ரோலிலே பிழை, அடையாள அட்டையிலே வேறு பிழை. பேரனுக்கு அந்தப் பேரை வைத்தால், முதல் முறையாக ஒரு பிறப்புப் பதிவிலே அது பிழையில்லாமல் ஏறும். என்னைக் கேட்டால், கிழவர் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான் இருக்கும்.

சரி, லயத்துப் பெரியவர் சொன்ன தலைவர் பேர். அவர் சொல்லுவதிலும் நியாயம் இருக்கிறது. காந்தி 1927 நவம்பரிலே இலங்கைக்கு வந்தார், மலைநாட்டுக்கும் போனார், யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். நேரு 1939 ஜூலையிலே வந்தபோதுதான் இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்தது. தோட்டத்துச் சனத்துக்கு அவர்களுடைய பேர் வெறும் பேப்பர்ச் செய்தி இல்லை. அந்த நன்றியாலே பிள்ளைக்கு நேரு, காந்தி என்று வைத்தார்கள். போஸ், லெனின், கென்னடி, லிங்கன் என்றும் தமிழர் வைத்தார்கள். வெளியூர்க்காரன் கேட்டால் ஆச்சரியப்படுவான், ஏனென்றால் அவனுக்கு இதெல்லாம் குடும்பப் பெயர் அல்லது புனைபெயர். நாங்கள் அதைச் சொந்தப் பேராக்கிவிட்டோம்.

இதிலே எல்லோரும் அறிந்த உதாரணம் தமிழ்நாட்டிலே இருக்கிறது. கருணாநிதிக்கு ஒரு மகன் 1953 மார்ச் 1ஆம் தேதி பிறந்தார். நான்கு நாள் கழித்து, 5ஆம் தேதி, ரஷ்யாவின் ஸ்டாலின் இறந்தார். அந்தப் பேரையே பிள்ளைக்கு வைத்தார். ஸ்டாலின் என்பது அந்த ரஷ்யத் தலைவருடைய குடும்பப் பெயர் கூட இல்லை, உருக்கு என்ற பொருள்பட அவர் தாமே சூட்டிக்கொண்ட பேர். அதே வீட்டிலே வேறு பிள்ளைகளின் பேரையும் பாருங்கோ. ஒருவர் முத்து, கருணாநிதியின் தகப்பன் முத்துவேலர் நினைவாக. இன்னொருவர் அழகிரி, பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரியின் பேர். பாட்டன், தோழர், தூர தேசத்துத் தலைவர், மூன்று வகையும் ஒரே வீட்டிலே. 2021 மே 7ஆம் தேதி முதலமைச்சராகப் பதவியேற்றபோது அவர் தன்னை 'முத்துவேல் கருணாநிதி ஸ்டாலின்' என்று சொல்லித்தான் சத்தியம் செய்தார். பாட்டன் முதலிலே, தகப்பன் அடுத்து, தான் கடைசியிலே. கடன் வாங்கின பேராயிருந்தாலும் முன்னாலே சொந்தக்காரர் இரண்டு பேர் நின்றார்கள்.

ஆகவே தலைவர் பேர் வைக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நேரு என்று பேர் வைத்த பிள்ளை நேருவைப் போல ஆகவேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். பரீட்சையிலே தவறினால், 'நேரு பெயில்' என்று சிரிப்பார்கள். பிள்ளை நல்ல தச்சனாக வந்தாலும் போதாது என்று ஆகிவிடும். பாட்டன் பேரிலே அந்தப் பாரம் இல்லை. பாட்டனை விட ஒரு படி மேலே போனால் போதும், ஊர் மெச்சும். இன்னொன்று, தலைவரின் மதிப்பு காலத்தோடு ஏறும் இறங்கும். பாட்டனின் மதிப்பு யார் ஆட்சிக்கு வந்தாலும் மாறாது.

இந்தத் தலைவர் பேர்களின் பொருளையும் ஒரு தரம் பாருங்கோ. காந்தி என்பது குஜராத்திலே வியாபாரத் தொழிலைக் காட்டுகிற பேர், வாசனைச் சரக்கு, பலசரக்கு விற்கிறவர். நேரு என்பது 'நஹர்', வாய்க்கால் என்ற சொல்லிலிருந்து வந்தது. டில்லியிலே வாய்க்கால் கரையிலே குடியிருந்ததாலே அந்தக் குடும்பத்துக்கு வந்த பேர். போஸ் என்பது வங்காளத்திலே காயஸ்தர் என்ற சாதிக்காரர் வைத்துக்கொள்ளுகிற குடும்பப் பெயர். தூரத்திலிருந்து வந்தபடியாலே சாதி வாசம் போய், வீரத்தின் வாசம் மட்டும் எங்களுக்குக் கிடைத்தது. அது நல்லதுதான்.

ஆனால் கிட்டத்துச் சாதிப் பட்டத்துக்கு அந்த மன்னிப்பு இல்லை. இப்போது சிலர் ஃபாரத்திலே குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று, பாட்டனுக்கும் பூட்டனுக்கும் இருந்த சாதிப் பட்டத்தைத் தேடி எடுத்துப் பிள்ளையின் பேரோடு ஒட்டப் பார்க்கிறார்கள். சிலர் அதையே பிள்ளையின் பேராகவும் வைக்கிறார்கள். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. 1929 பெப்ரவரியிலே செங்கல்பட்டிலே நடந்த சுயமரியாதை மாநாட்டிலே பேருக்குப் பின்னாலே சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று தீர்மானம் செய்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மனுசர் தங்கள் வாலை வெட்டி எறிந்தார்கள். வெட்டி எறிந்ததை வெளிநாட்டு ஃபாரத்துக்காகப் பொறுக்கி எடுத்து ஒட்ட வேண்டுமா? ஒரே லயத்திலே பத்துக் காம்பராவிலே இருக்கிற பிள்ளைகள் பேரைச் சொல்லும்போதே மேல், கீழ் என்று பிரிய வேண்டுமா? கட்டம் கேட்பது ஒரு பேரைத்தான். தகப்பன் பேரை எழுதுங்கோ. சட்டமும் அதை ஏற்றுக்கொள்ளும்.

குடும்பப் பெயர் ஒன்று சொந்தப் பேராக மாறி, இந்தத் தீவுகளிலே வேர்விட்டதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்லட்டுமா? ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கரிடம் சவரிமுத்து என்ற பேர் உண்டு. உங்கள் தோட்டங்களிலும் இருக்கும். சவரி என்பது சவேரியார். அந்த அர்ச்சிஷ்டவரின் ஞானஸ்நானப் பேர் பிரான்சிஸ். சேவியர் என்பது அவர் 1506இல் பிறந்த கோட்டையின் பேர், ஸ்பெயின் தேசத்து நவார் நாட்டிலே. அந்த ஊர்ப் பாஷையிலே அதற்குப் 'புது வீடு' என்று அர்த்தமாம். ஆளுடைய பேர் பின்னுக்குப் போய், அவருடைய வீட்டுப் பேர் முன்னுக்கு வந்து, முத்து என்ற தமிழ்ச் சொல்லோடு சேர்ந்து, ஒரு கடற்றொழிலாளியின் மகனுக்குப் பேராயிற்று. இன்றைக்கு சவரிமுத்து என்றால் யாரும் அந்நியப் பேர் என்று நினைக்கிறார்களா? இல்லையே. பெர்னாண்டோ அதற்கு நேர் மறுபக்கம். அது போர்த்துக்கேயரிடம் சொந்தப் பேர், எங்கள் நாட்டிலே குடும்பப் பெயராக ஆகிவிட்டது.

எல்லாப் பேரும் இப்படி ஒட்டிக்கொள்ளாது. ஒல்லாந்தர் வந்து இந்தத் தீவுகள் எல்லாவற்றுக்கும் தங்கள் ஊர்ப் பேரை வைத்தார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த நயினாதீவுக்கு ஹார்லெம் என்று பேர். யாருக்காவது தெரியுமா? ஒரு வள்ளக்காரனுக்கும் தெரியாது. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் மட்டும்தான் இங்கிலீஷிலே நிலைத்தது. அங்கேயும் தமிழிலே கேட்டால் நெடுந்தீவுதான். எந்தப் பேர் நிற்கும், எந்தப் பேர் விழும் என்பதைக் கூப்பிடுகிற வாய்தான் தீர்மானிக்கிறது. ஃபாரம் இல்லை.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். எந்தப் பேரை வைத்தாலும் அதை ஒழுங்காகப் பதிவது எப்படி?

பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு, அலைச்சல் கூட. வீட்டிலே பேர்ச் சண்டை தீரவில்லை என்பதற்காகப் பதிவைத் தள்ளிப் போடாதேயுங்கோ. பேர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பிறகு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்கீழ் பேரைச் சேர்க்கலாம், வைத்த பேரை மாற்றவும் அதே பிரிவுதான். ஆகவே அவசரத்திலே எதையாவது எழுதிக் கொடுக்காதேயுங்கோ.

பதிவுகாரரிடம் போகும்போது பேரை வாயாலே சொல்லாதேயுங்கோ. தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் தெளிவாக ஒரு காகிதத்திலே எழுதிக் கொண்டு போங்கோ. தெரியாவிட்டால் பள்ளிக்கூட ஆசிரியரிடம் எழுதி வாங்குங்கோ. ஏன் என்று சொல்லுகிறேன். தமிழிலே 'க' ஒரு எழுத்துத்தான். கல்லிலே ஒரு மாதிரிச் சொல்லுகிறோம், தங்கத்திலே இன்னொரு மாதிரிச் சொல்லுகிறோம். சிங்களத்திலே அதற்கு வேறு வேறு எழுத்து, இங்கிலீஷிலேயும் அப்படித்தான். 'ப'வும் அப்படி, பல்லிலே ஒன்று, கம்பிலே ஒன்று. 'த'வும் அப்படியே. எழுதுகிறவர் காதிலே எது விழுகிறதோ அதை எழுதுவார். ஒரு பாலன் இரண்டு விதமாக, ஒரு கணேசன் இரண்டு விதமாகப் பிறப்பது இப்படித்தான். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழி. தமிழிலே பதியக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

எண் சாத்திரம் பார்க்கிறவர்கள் இருந்தால் மன்னிக்கவேணும். பேரின் இங்கிலீஷ் எழுத்திலே ஒரு 'ஏ'யைக் கூட்டு, ஒரு 'எச்'சைச் சேர் என்று சொல்லுகிறார்கள். ஒரு அதிஷ்டமும் வருகிறதோ தெரியாது, அடையாள அட்டை எடுக்கப் போகிற அன்றைக்கு அந்த 'ஏ' வந்து வழி மறிக்கும்.

கருப்பையா என்ற பேரையே எடுங்கோ. யாழ்ப்பாணத்திலே நாங்கள் கறுப்பு என்று வல்லின 'ற' போடுவோம். நீங்கள் குலசாமி கருப்பண்ணசாமியை 'ர' போட்டுத்தான் எழுதுகிறீங்கள். எது சரி என்று என்னைக் கேட்காதேயுங்கோ. தாத்தா எப்படி எழுதினாரோ, அவர் எழுதப் படிக்கத் தெரியாதவராயிருந்தால் வீட்டிலே எப்படிச் சொல்லுகிறார்களோ, அப்படி எழுதுங்கோ. பேர் விஷயத்திலே திருத்தம் செய்ய வாத்தியாருக்கும் உரிமை இல்லை. பழைய பேர் பிள்ளைக்குக் கூச்சமாயிருக்கும் என்று நினைத்தால், இரண்டு பேராக வையுங்கோ. கருப்பையா என்பது ஒரு பேர், தாய்க்குப் பிடித்த சின்னப் பேர் இன்னொன்று, இரண்டையும் பதிவிலே போடுங்கோ. வளர்ந்த பிறகு எதை முன்னாலே சொல்லுவது என்று அவனே தீர்மானிக்கட்டும்.

தாய் என்று சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இங்கிலீஷ்காரர் குடும்பப் பெயரை ஆண் பிள்ளைக்கு முதல் பேராக வைப்பதற்கு ஒரு காரணம், தாய்வீட்டுப் பேர் அழிந்து போகக்கூடாது என்பது. 1620இல் வின்ஸ்டன் சர்ச்சில் என்று ஒருவர் பிறந்தார். வின்ஸ்டன் என்பது அவருடைய தாயின் குடும்பப் பெயர். அந்தப் பரம்பரையிலே வந்தவர்தான் யுத்த காலத்துப் பிரதம மந்திரி சர்ச்சில். தாய்வழிப் பேர் இருநூற்றைம்பது வருஷம் கழித்தும் ஒரு பிள்ளையின் தலையிலே நின்றது. எங்கள் முறையிலே தாய்க்கு ஒரு எழுத்துக் கூட இல்லை. ஆகவே தாயைப் பெற்ற தாத்தாவின் பேரை இரண்டாவது மகனுக்கு வைப்பதை நான் நல்ல வழக்கம் என்பேன். சில வீடுகளில் மூத்தவனுக்கே வைக்கிறார்கள். சண்டை வராவிட்டால் அதுவும் நல்லதுதான்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கோ. தகப்பனைப் பெற்றவர் இலங்கையிலே பிறந்திருந்தால் அவருடைய பேர், பிறந்த வருஷம், பிறந்த இடம் எழுத ஒரு கட்டம் இருக்கும். பூட்டனுக்கும் ஒரு கட்டம் உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலே தகப்பனும், பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தார்கள் என்பதை வைத்துத்தான் பிரஜாவுரிமையைத் தீர்மானித்தார்கள். அந்தக் கட்டம் வெறுமனே விடப்பட்டிருக்கிறதா, சரியாக நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கோ. உங்கள் பிள்ளையின் பதிவிலாவது அதை நிரப்பச் சொல்லுங்கோ. தாத்தா உயிரோடு இருக்கும்போதே அவர் பிறந்த தோட்டம், டிவிசன் எல்லாம் கேட்டு எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ.

பாட்டிக்கு அதிலே கட்டம் கிடையாது. கொழுந்துக் கூடையோடு மலை ஏறி, அந்தத் தாத்தாவையும் பிள்ளைகளையும் காப்பாற்றின மனுசியின் பேர் எந்தப் பத்திரத்திலும் அடுத்த தலைமுறைக்கு இறங்குவதில்லை. அடுத்தது பெண் பிள்ளை என்றால் அந்தப் பேரை வையுங்கோ. மாரியாயி, பேச்சியம்மா, ராக்கம்மா, எதுவாயிருந்தாலும்.